சூரைச்செடியின் நிழல்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள தொலைவு 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று இடையிலே நான்கு இரயில் நிலையங்கள். நாள்தோறும் காலையில் இவ்வழியே பிழைப்புக்கும் படிப்புக்கும் செல்லும் பெண்கள் பலர். ஆசிரியைகள், செவிலியர், கல்லூரி மாணவியர், துணிக்கடைகளில் நின்றுகொண்டே பகல் முழுவதையும் கழிக்கும் இளம்பெண்கள் என அப்பட்டியல் நீளும். ஊர்களுக்கு இடையிலுள்ள தொலைவு என்றும் மாறுவதில்லை. ஆயினும் மாதத்தில் ஒரு வாரம், அவர்களுள் பலருக்கு அந்த 40 கிலோமீட்டர் 400 கிலோமீட்டராகத் தோன்றுகிறது.

மாதவிலக்கு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தையே குறிப்பிடுகிறேன். மாதவிலக்கின்போது வரும் வலியைப் பற்றி நம் வீடுகளில் ஓரளவேனும் பேசுகிறார்கள். அதற்கு வெந்நீர் ஒத்தடம் உண்டு, வெந்தயம் உண்டு, பாட்டி காய்ச்சித் தரும் கஷாயம் உண்டு. ஆனால் அதற்கு முன்னர், வெளியே அடையாளம் ஏதும் தெரியாத நாள்களில் வந்து சேரும் சோர்வுக்கும், தலைவலிக்கும், மார்பு வலிக்கும், சட்டென்று பொங்கும் சினத்துக்கும், காரணம் புரியாத கண்ணீருக்கும் நம் அன்றாடப் பேச்சில் ஒரு பெயர்கூட இல்லை. பெயரில்லாத துன்பத்துக்குப் பிறர் தத்தம் விருப்பம்போல் பெயர் சூட்டுவர். சோம்பல் என்பார் ஒருவர். திமிர் என்பார் மற்றொருவர். காத்து கருப்பு என்று சொல்லி மந்திரிக்க அழைத்துச் செல்வாரும் உளர்.

ஒரு பங்குத்தந்தை இதைப் பற்றியெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். குருமடத்தில் மனித உடலின் மாண்பைப் பற்றி நிறையவே படித்தோம். அந்த உடல் மாதந்தோறும் படும் பாட்டைப் பற்றி எவரும் கற்பித்ததில்லை. அதைக் கற்றுக்கொடுத்தது பங்கு வாழ்க்கைதான். கணவன் மனைவி சண்டை, மாமியார் மருமகள் பூசல், "வேலையை விட்டுடறேன் சாமி" என்னும் புலம்பல் என்று பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வரும் வழக்குகளைப் பொறுமையோடு கேட்டால், அவற்றுள் சில மாதந்தோறும் ஏறக்குறைய ஒரே நாள்களில் திரும்பத் திரும்ப நிகழ்வது புலப்படும். ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரைக்கு உட்பட்ட எதையும் நான் இங்கே தொடவில்லை. திண்ணையில் வெளிப்படையாகப் பேசப்பட்டவற்றை மட்டுமே, இன்னார் என்று எவரும் அறிய இயலாத வகையில், சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சில சொற்கள். 1931-ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மருத்துவர் இராபர்ட் ஃபிராங்க் என்பவர், மாதவிலக்குக்கு முன்னே தோன்றும் மன இறுக்கத்தைப் பற்றி மருத்துவ உலகுக்கு எழுதினார். 1953-இல் கேத்தரீனா டால்டன் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர், ரேமண்ட் கிரீன் என்பவரோடு சேர்ந்து 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மன இறுக்கம் மட்டுமன்றி உடல் உபாதைகளும் இதில் அடங்கும் என்பதால், 'பிரீமென்ஸ்ட்ருவல் சிண்ட்ரோம்' என்ற பெயரை அவர்கள் வழங்கினர். மாதந்தோறும் தம்மை வாட்டிய ஒற்றைத் தலைவலி, தாம் கருவுற்றிருந்த மாதங்களில் மறைந்துபோனதை டால்டன் கவனித்திருந்தார். தம் உடல் சொன்னதைச் செவிமடுத்த ஒரு பெண்ணிடமிருந்து இந்த அறிவு தொடங்கியது என்பது எண்ணி மகிழத்தக்கது. அவர் பரிந்துரைத்த புரோஜெஸ்டிரோன் மருந்தின் பயனைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அவர் வழங்கிய பெயர் நிலைத்தது.

உடலுக்குள் நிகழ்வதுதான் என்ன? சினைமுட்டை வெளிப்பட்ட பின்னர் ஏறக்குறைய இரு வாரங்கள் கழித்து மாதவிலக்கு வருகிறது. அந்த இரு வாரங்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இரு ஹார்மோன்கள் உயர்ந்து, பின்னர் தாழ்கின்றன. உபாதைகள் அந்தக் காலத்தில் தோன்றி, மாதவிலக்கு தொடங்கிய சில நாள்களுக்குள் மறைகின்றன. துன்புறும் பெண்ணின் ஹார்மோன் அளவில் ஏதோ கோளாறு இருக்கவேண்டும் என்றே முன்னர் பலரும் நினைத்தனர். 1998-இல் அமெரிக்க தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தார் செய்த ஓர் ஆய்வு வேறு செய்தி சொன்னது. மருந்தின் மூலம் அந்த ஹார்மோன்களின் சுரப்பை அவர்கள் அடக்கியபோது, உபாதையுள்ள பெண்களுள் பலருக்குத் துன்பம் தணிந்தது. பின்னர் அதே ஹார்மோன்களை இயல்பான அளவில் மீண்டும் கொடுத்தபோது அவர்களுக்குச் சோர்வும் துயரமும் திரும்பி வந்தன. உபாதையில்லாத பெண்களுக்கோ அதே அளவு கொடுத்தும் ஒன்றும் நேரவில்லை. ஊரெங்கும் ஒரே மழைதான் பெய்கிறது. ஒரு வயலில் நீர் வடிந்துவிடுகிறது. அடுத்த வயலில் தேங்கி நிற்கிறது. தேங்கிய வயலைப் பார்த்து, "நீ ஏன் பக்கத்து வயலைப்போல் இல்லை?" என்று கேட்கும் உழவன் உண்டா? ஆனால் பெண்ணைப் பார்த்து அப்படிக் கேட்கிறோம். "உன் அக்காவுக்கும்தான் வருது. அவ என்ன உன்ன மாதிரியா சுருண்டு படுக்கறா?" என்று தாய்மாரே கேட்பதுண்டு.

இதைப் பேசத் தயங்குவதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. மாதவிலக்கைத் தீட்டு என்று எண்ணிய சமூகத்தில், அதன் முன்னறிவிப்பைப் பற்றி யார் வாய் திறப்பார்? திருமுழுக்குப் பெற்ற நம் குடும்பங்களிலும் அந்த எண்ணம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அந்நாள்களில் பீடத்துக்குப் பூ வைக்கலாமா, நற்கருணை வாங்கலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்கும் அம்மாக்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்து ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. 601-ஆம் ஆண்டையொட்டி, கான்டர்பரி நகரின் ஆயரான புனித அகுஸ்தீனுக்குத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அனுப்பிய மறுமொழிகளை வரலாற்றாசிரியர் பீடு பதிவு செய்திருக்கிறார். மாதவிலக்கான பெண்ணை ஆலயத்துக்குள் வராமல் தடுக்கக்கூடாது, நற்கருணை பெறுவதிலிருந்தும் விலக்கக்கூடாது, இயற்கையாக நேர்வது குற்றமாகாது என்பது அவருடைய விடை. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஆண்டவரின் ஆடையைத் தொட்டு நலம் பெற்றதையே அவர் சான்றாகக் காட்டினார். அந்த நிகழ்ச்சியில் என்னை மிகவும் ஈர்ப்பது, அவளை இயேசு 'மகளே' என்று அழைத்ததுதான். மறைந்திருந்து தொட்டவளைக் கூட்டத்தின் நடுவே உறவுமுறை சொல்லி அழைத்து, அவள் கதை முழுவதையும் சொல்ல இடங்கொடுத்தார்.

சொல்ல இடங்கொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கு நானறிந்த ஓர் ஆசிரியையின் வாழ்க்கை சான்று. விழுப்புரத்துப் பக்கம் வீடு. திண்டிவனத்துப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை. இரு பிள்ளைகள். கணவர் உரக்கடை வைத்திருந்தார். ஒரு மாலை அவர் பங்கு இல்லத்துக்கு வந்தபோது கைப்பையில் வேலை துறப்புக் கடிதம் இருந்தது. "மாசத்துல பத்து நாளு நான் நானா இல்ல சாமி. வகுப்புல நிக்க முடியல. பிள்ளைங்களத் திட்டிப்புடறேன், அப்புறம் ஓய்வறையில போயி அழுவறேன். இப்படிப்பட்டவ எதுக்கு டீச்சரா இருக்கணும்?" என்றார். பதினொரு ஆண்டுகள் நன்கு பாடம் நடத்தியவர். அந்த வேலை போனால் வீட்டின் வரவில் பாதி போகும். அதைவிட, தம்மால் ஆகக்கூடிய ஒன்று இவ்வுலகில் உண்டு என்னும் நம்பிக்கையும் போகும். அவர் கேட்டது மன்றாட்டு. மன்றாடினோம். ஆனால் மன்றாட்டோடு நிறுத்தாமல், எங்கள் திருமணத் தயாரிப்பு வகுப்புகளுக்கு வரும் அருள்சகோதரி ஒருவரைச் சந்திக்கச் சொன்னேன். அவர் செவிலியராகப் பல்லாண்டு பணியாற்றியவர்.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் பில்லிங்ஸ் முறை கற்பிக்கப்படுவதை வாசகர் அறிவர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஜான் பில்லிங்ஸ், எவலின் பில்லிங்ஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் 1950-களில் தொடங்கி உருவாக்கிய முறை அது. பெண் தன் உடலின் அடையாளங்களை நாள்தோறும் கவனித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். குழந்தை பெறவும், பேறுகாலத்தைத் தள்ளிவைக்கவும் அந்தக் குறிப்பேடு துணைசெய்கிறது. அருள்சகோதரி அந்த ஆசிரியையிடம் கேட்ட கேள்வி எளியது: "பிள்ளைக்காக நோட்டு எழுதத் தெரிஞ்ச நீ, உனக்காக ஒரு நோட்டு எழுதக்கூடாதா?"

இது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. மருத்துவர்கள் இந்த உபாதையை உறுதிசெய்யும் வழியும் இதுவே. இரத்தப் பரிசோதனை எதுவும் இதைக் காட்டித் தராது. குறைந்தது இரண்டு மாதவிலக்குச் சுற்றுகளுக்கு அன்றன்றைய நிலையை அன்றன்றே எழுதவேண்டும். சினம், துயரம், தூக்கம், பசி, வீக்கம், தலைவலி ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'சிறிது', 'மிகுதி' என்று குறித்தால் போதும். மாதவிலக்கு தொடங்கிய நாளைத் தனியாகச் சுழித்து வைக்கவேண்டும். நினைவை நம்பி மாதக் கடைசியில் எழுதினால் அது பயன்படாது. துன்ப நாள்கள் நினைவில் பெருகிப் பரவும். நல்ல நாள்கள் தடமின்றிப் போகும்.

ஆசிரியை மூன்று மாதங்கள் எழுதினார். பத்து நாள் என்று அவர் நினைத்திருந்தது உண்மையில் ஆறு நாளாக இருந்தது. அவற்றுள்ளும் மிகக் கடுமையானவை மூன்று. மீதி நாள்களில் அவர் பழைய ஆசிரியைதான். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரித்ததைக் கண்டேன். எல்லையில்லாத இருட்டு என்று அஞ்சியதற்கு இன்ன நாளில் தொடக்கம், இன்ன நாளில் முடிவு என்று தெரிந்துவிட்டது. வேலை துறப்புக் கடிதம் கைப்பையிலேயே கசங்கிக் கிடந்து, பின்னர் கிழிபட்டது.

அதன் பின்னர் அவர் செய்தவை சிறு சிறு மாற்றங்களே. விடைத்தாள் திருத்துவதை அந்த ஆறு நாள்களுக்கு முன்னரே முடித்துக்கொண்டார். பெற்றோருடன் சந்திப்பு, மாமியார் வீட்டு விருந்து போன்றவற்றை இயன்றவரை வேறு நாள்களுக்கு மாற்றினார். கடினமான நாள்களுக்கென்று எளிய பாடங்களையும் வாய்ப்பாட்டுப் பயிற்சிகளையும் எடுத்து வைத்தார். மாலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் வராமல் நடந்து வரத் தொடங்கினார். ஏறக்குறைய அரைமணி நேர நடை. உடற்பயிற்சியைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவையே. எனினும் மிதமான நடையும் ஓட்டமும் இந்த உபாதைகளைக் குறைக்கும் என்றே அவை சொல்கின்றன. மருத்துவர்களும் முதற்படியாக இதையே பரிந்துரைக்கின்றனர். அந்த ஆறு நாள்களில் மட்டும் நடந்தால் போதாது. மாதம் முழுவதும் நடந்த உடலுக்கே அந்த நாள்களில் நடக்கக் கால் வரும்.

ஊக்கத்தைப் பற்றி அந்த ஆசிரியை சொன்ன ஒன்றை நான் பல இடங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். "மனசு வந்ததும் எழுந்திருக்கலாம்னு இருந்தா அந்த வாரம் எழுந்திருக்கவே முடியாது சாமி. முதல்ல செருப்ப மாட்டிக்கிட்டு வாசலுக்கு வந்துடணும். பத்து நிமிஷம் நடந்தா மனசு பின்னாலேயே வரும்." அதற்கும் முடியாத நாள்கள் உண்டு என்பதையும் அவரே சொன்னார். அன்று வாசல்வரை வந்து திரும்பினாலும் போதும் என்று தமக்குத்தாமே இசைவு கொடுத்துக்கொண்டார்.

உணவிலும் சிறிது மாற்றம் செய்தார். 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து மூன்று சுற்றுகளுக்குக் கொடுக்கப்பட்ட பெண்களுக்கு உபாதைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் 30 விழுக்காடு குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்; கவனிக்கப்படுவதே பாதி மருந்து போலும்! மாத்திரையாக உட்கொள்வதென்றால் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். ஆனால் நம் மாவட்டத்து அடுப்பங்கரைக்கு இது புதிய பொருளன்று. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. முருங்கைக்கீரையிலும் மோரிலும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் காப்பியோடு இரயிலேறும் பெண், ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு ஏறினால் நல்லது. மாலைக்குப் பின் காப்பியைத் தவிர்த்தால் தூக்கம் கெடாது. ஊறுகாயையும் அப்பளத்தையும் அந்த வாரத்தில் ஒதுக்கினால் உடல் ஊதுவது குறைவதாகப் பெண்கள் சிலர் என்னிடம் கூறியதுண்டு.

இந்த அறிவுரைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். முந்தைய நாள்வரை மலைமீது நின்று முழங்கிய எலியா, ஒரே நாளில் மனம் உடைந்து பாலைநிலத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து சாக வேண்டும் என்று கேட்கிறார். வானதூதர் அவருக்கு மறையுரை ஆற்றவில்லை. "நேற்று எப்படி இருந்தாய், இன்று ஏன் இப்படி?" என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தூங்க விட்டார். தணலில் சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் வைத்தார். உண்டபின் மறுபடி தூங்க விட்டார். இரண்டாம் முறை எழுப்பி உண்ணச் செய்த பிறகே, போகவேண்டிய தொலைவை நினைவூட்டினார். அதன் பின்னர் எலியா நாற்பது நாள் நடந்தார். உறக்கம், உணவு, நீர், பின்னர் நடை என்னும் அந்த வரிசையை மாற்றி, முதலிலேயே "நட" என்று அதட்டியிருந்தால் அவர் சூரைச்செடியைவிட்டு எழுந்திருப்பாரா என்பது ஐயமே. நம் வீட்டுப் பெண்களுக்கோ அதட்டல் முதலில் கிடைக்கிறது. அப்பமும் தண்ணீரும் அவர்களே எல்லாருக்கும் பரிமாறிய பின்னர்தான் கிடைக்கின்றன.

இங்கே கணவன்மாருக்கு ஓர் எச்சரிக்கை. மனைவியின் நாள்களை அறிந்துகொள்வது அன்பு. அதை ஆயுதமாக்குவது அன்பன்று. "உனக்கு அந்த நாள் வந்துடுச்சு, அதான் கத்துற" என்று சொல்லி, நியாயமான முறையீட்டை ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் உண்டு. மூன்று வாரங்கள் விழுங்கிய உண்மையொன்று நான்காம் வாரத்தில் வெளியே வரக்கூடும். சொன்ன விதம் கடுமையாக இருக்கலாம். சொன்ன பொருள் பொய்யென்று ஆகிவிடாது. அந்த ஆசிரியையின் கணவர் ஒரு நல்ல வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். அந்த நாள்களில் எழும் சண்டையை அப்போதே தீர்க்க முனையாமல், அடுத்த வாரம் அமைதியாக உட்கார்ந்து, "அன்னைக்கு நீ சொன்னியே, அதப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டார். அந்த வாரம் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பாயிற்று. இப்போதும் நான்கு மாதத்தில் ஒரு மாதம் எந்த ஏற்பாடும் பலிக்காமல் போவதுண்டு என்று ஆசிரியை சொல்கிறார். ஆனால் வேலையில் இருக்கிறார்.

குறிப்பேடு எல்லாருக்கும் ஒரே விடையைத் தருவதில்லை. அவரைப் பார்த்து நோட்டு எழுதத் தொடங்கிய வேறொரு பெண்ணின் ஏட்டில், துயரம் மாதத்தின் முப்பது நாளும் ஒரே அளவில் இருந்தது. மாதவிலக்கு வந்த பின்னரும் அது விலகவில்லை. அருள்சகோதரி அவரை உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். தைராய்டுக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டது. இரத்தசோகையும் இப்படிச் சோர்வு வேடமிட்டு வரும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். எல்லாவற்றையும் 'அந்த வாரத்தின்' தலையில் கட்டிவிட்டால் இந்த நோய்கள் ஒளிந்துகொள்ளும்.

வேறு சிலருக்கு அந்த வாரம் உயிருக்கே ஊறு செய்யும் அளவுக்குக் கொடியது. நூற்றில் 3 முதல் 8 பெண்களுக்கு இக்கடும் நிலை இருப்பதாக மருத்துவ நூல்கள் கூறும். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் இதைத் தனி நோயாக ஏற்றது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. செரட்டோனின் என்னும் மூளைப் பொருளைச் சார்ந்து செயல்படும் மருந்துகள் இவர்களுள் பலருக்கு நல்ல பயன் தருகின்றன. இவர்களிடம் போய் நடைப்பயிற்சியையும் கூழையும் மட்டும் சொல்வது இரக்கமற்ற செயல். முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் நெடுஞ்சாலையின் மேலேயே இருக்கிறது. சாகவேண்டும் என்ற எண்ணம் எழுமாயின் 14416 என்னும் டெலிமானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் செல்வது நம்பிக்கைக் குறைவாகாது.

இதுவரை சொன்னவை தம் நாளைத் தாமே ஓரளவேனும் வகுத்துக்கொள்ளக் கூடியவர்களுக்குப் பொருந்தும். மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் உப்புச் சுமக்கும் பெண்ணும், சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்ணும் எந்த வேலையை எந்த வாரத்துக்கு மாற்றுவார்கள்? ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. செயலூக்கத்தோடு இருப்பது வேறு, விரட்டப்படுவது வேறு. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் பணிபுரியும் ஏறக்குறைய 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டனர். மாதவிலக்கு வலி என்று சொன்னவர்களுக்கு வேலையிடத்தில் பெயரும் காலாவதி நாளும் இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. அதனால் உடல்நலம் கெட்டதாக அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கூறினர். அவர்களும் சுறுசுறுப்பாகத்தான் வேலை செய்தார்கள்! தையல் எந்திரம் நிற்காமல் ஓடியது. அத்தகைய சுறுசுறுப்பை நம் பெண்களுக்கு நாம் வேண்டிக்கொள்ளலாகாது.

மாற்றம் வராமலும் இல்லை. பீகார் அரசு 1992-லேயே தன் பெண் ஊழியருக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு வழங்கியது. 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை, மாதம் ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கு ஒப்புதல் அளித்தது. விடுப்பு கொடுத்தால் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்கள் என்று அஞ்சுவோரும் உளர். அந்த அச்சம் பொருளற்றதன்று. ஆனால் விடுப்பைவிடச் சிறிய உதவிகள் உண்டு. கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் திருத்தியது. உட்கார ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதே நம்மைச் சிந்திக்க வைக்கவேண்டும். நம் பங்குகளில் கடை வைத்திருப்போர் உண்டு. பள்ளி நடத்துவோர் உண்டு. ஆள்வைத்து நடவு செய்யும் நிலமுடையோர் உண்டு. நாற்காலி, தூய கழிப்பறை, குடிநீர், பத்து நிமிட ஓய்வு, கடிந்துகொள்ளாத ஒரு சொல் ஆகியவற்றுக்கு நாம் எந்த அரசாணைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் சுவரில் ஒரு மாதக் காட்டி தொங்குகிறது. பால் வாங்கிய கணக்கும், சீட்டுக் கட்டவேண்டிய தேதியும், எரிவாயு உருளை வந்த நாளும், திருவிழாக் கொடியேற்றமும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு வேண்டியவை எல்லாம் அதில் உண்டு. அந்த வீட்டைத் தாங்கி நடத்துபவளுக்கு வேண்டிய ஒன்றும் அதில் இருக்கட்டும். அவள் விரும்பினால், யாருக்கும் புரியவேண்டிய அவசியமில்லாமல், பென்சிலால் ஒரு சிறு புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்ததும், கேட்காமலே அடுப்படிக்குள் சென்று அரிசி களைந்து உலை வைக்கும் ஓர் ஆண்மகன் அவ்வீட்டில் இருப்பானாகில், அவள் மறுநாள் காலை இரயிலைத் தவறவிடமாட்டாள்.